ஆண்டாளின் வெள்ளைத் தாள்

1987 செப்டம்பர் 10, வியாழன்

சேலத்திலிருந்து ஒரு லேடி டாக்டர் பள்ளிக்கு வந்தார். பிள்ளைகளில் எத்தனை பேருக்கு நடத்தைக் கோளாறு இருக்கிறது என்று கணக்கெடுக்கிறாராம். அடுத்து ஜீப்பில் வெள்ளிமலைப் பள்ளிக்கும் போகிறார். என் ஐந்தாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். தலைக்கு ஒரு தாள். பொய், திருட்டு, அடிதடி, கல்லெறி, பொருளை உடைப்பது என்று பதின்மூன்று கேள்விகள் — உண்டென்றால் டிக். "நூத்துக்கு ரெண்டு மூணு பேர் இருப்பாங்க டீச்சர்" என்றார். பாவம், என் வகுப்பை அவர் பார்த்ததில்லை.

செப்டம்பர் 11

ஆண்டாள் இன்று சுபஸ்ரீயின் டிபன் பாக்ஸைக் கிணற்றில் போட்டாள். போன வாரம் ஒரு நாய்க்குட்டியின் காலை முறித்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்தே இப்படித்தான். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா டி.சி. குடுத்துடுவேன்" என்கிறார் ஹெட்மாஸ்டர் தெய்வசிகாமணி. எல்லாம் செய்துவிட்டு என் புடவைத் தலைப்புக்குள் வந்து ஒளிகிறாள் அந்தக் குரங்கு. எனக்கு ஏன் அவளை இவ்வளவு பிடிக்கிறது?

செப்டம்பர் 17

இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல். சேலம் ரோட்டில் வெட்டிச் சாய்த்த மரங்கள். பஸ் இல்லை, பள்ளி இல்லை.

செப்டம்பர் 28

பள்ளி திறந்தது. பிள்ளைகள் வாசலில் முருங்கைக் கிளையைப் போட்டு மறியல் விளையாட்டு! சத்துணவு அரிசி ஏற்றி வந்த மாட்டுவண்டி மேல் கல். "இன்னாடா இது, உங்க சோத்துக்கே மறியலா?" என்று சமையல் ஆயம்மா கத்தியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்டோபர் 5

தாள்களை நிரப்பினேன். கல்லெறி, உடைப்பு — பத்தொன்பது பேருக்கு டிக். போட வேண்டிய ஆண்டாள் தாளில் வேண்டுமென்றே ஒன்றும் போடவில்லை. ஹெட்மாஸ்டர் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவார். டி.சி.க்கு நானே சாட்சி எழுதிக் கொடுப்பதா? மாட்டேன். பொய்தான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொல்லிக்கொள்கிறேன்.

அக்டோபர் 28

டாக்டரிடமிருந்து கடிதம். 'பத்தொன்பது பேர் என்பது ஊரைப் பார்த்துச் செய்த சேட்டையாக இருக்கலாம். பஸ் ஓடத் தொடங்கிய பிறகும் நிறுத்தாத பிள்ளை யார்? வருடக்கணக்காகச் செய்வது யார்? அந்தப் பிள்ளைக்குத்தான் நான் தேவை. தண்டிக்க அல்ல.'

பத்தொன்பது பேரும் இப்போது கோலி ஆடுகிறார்கள். நிறுத்தாத ஒருத்தியை நான் வெள்ளைத் தாளில் ஒளித்து வைத்திருக்கிறேன். என்னை நானே திட்டிக்கொண்டேன்: அடிப்பாவி செலினா — பாசம்னு சொல்லிக்கினு இன்னா வேல பண்ணி வெச்சிருக்க?

அக்டோபர் 30

ஆண்டாளுக்குப் புதுத் தாள். பதினொரு டிக். அவள் அப்பா கண்ணாயிரத்துக்கு வயலிலேயே படித்துக் காட்டினேன். மண்வெட்டியைப் பிடித்தபடி கேட்டார்.

"எம் பொண்ணு கெட்டவ இல்லீங்க டீச்சர்."

"தெரியுங்க. அதான் டாக்டராண்ட கூட்டிக்கினு போலாங்கிறேன்."

கடிதத்தைப் படித்த ஹெட்மாஸ்டர், "டி.சி. இப்ப வேணாம், முழுப் பரீட்சை வரைக்கும் பாக்கலாம்" என்றார். அது போதும்.

நவம்பர் 7, சனி

ஆண்டாளோடு முதல் முறை சேலம். கண்ணாயிரமும் வந்தார். ஜன்னல் சீட்டுக்காக ஒரு பாட்டியைக் கிள்ளினாள். நான் மன்னிப்புக் கேட்டேன்.

1988 ஏப்ரல் 9, சனி

பன்னிரண்டாவது முறை. டாக்டர் அதே தாளை மறுபடி நிரப்பச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் மடியில் வைத்து எழுதினேன். மூன்று டிக். ஆண்டாள் எட்டிப் பார்த்தாள்.

"பொய் சொல்றதுக்கும் போடுங்க டீச்சர். நேத்து சொன்னேன்."

"இன்னா பொய்டி?"

"உங்கள எனக்குப் புடிக்காதுன்னு சுபஸ்ரீ கிட்ட சொன்னேன்."

போட்டேன். மொத்தம் நான்கு.