இடது பக்கத்து மூன்றாம் பலகை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம், அவள் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற தைரியத்தில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும்.

பாய்மரப் படகுகளை மரத்திலேயே புதிதாகக் கட்டி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி, நம்மவர்கள் கடலோடிய விதத்தை அவர்களே பாய் இழுத்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இங்கே ஒரு படகுச் சங்கம் நடக்கிறதே, அந்தக் கதைதான். முதல் படகை உன் மாமா கட்டினார், கதவு ஜன்னல் செய்துகொண்டிருந்த நான் கூடமாட இருந்தேன். அவர் தன் மகனோடு வெளியூர் போய்விட, அடுத்ததை யார் கட்டுவது என்று கூட்டத்தில் கேட்டபோது எல்லாரும் என்னையே பார்த்தார்கள், நானும் தலையை ஆட்டிவிட்டேன். "வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு வாயே கிடையாதா?" என்றாள் உன் அம்மா. அதைத்தான் கல்யாணத்தன்றே உன்கிட்ட குடுத்துட்டேனே என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன மாதம் அந்தப் படகின் இடது பக்கத்து மூன்றாம் பலகையை, தண்ணீருக்குள் நிற்க வேண்டியதை, ஆவியில் வேகவைத்து வளைத்துக்கொண்டிருந்தோம். முன்பக்கம் திரும்பும் இடத்தில் டிக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் இருந்த பெயின்டருக்குக் கேட்கவில்லை, எனக்குக் கேட்டது. முடி அளவு விரிசல். வேறு பலகை வர மூன்று வாரமாகும், படகைக் கடலில் இறக்கும் விழாவுக்கோ பத்தே நாள். பட்டி தடவி மூடினேன், பெயின்டும் அடித்தாயிற்று. அதன்பிறகு படகு கட்டும் தகரக் கொட்டகைக்குள் போனாலே அந்தப் பலகைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். முதல் நாள் படகில் ஏறப்போகும் பன்னிரண்டு பிள்ளைகளின் பெயரை, நான் உளி தீட்டும் இடத்துக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தார்கள். என் படம் போட்ட அழைப்பிதழை ஆபீஸில் எல்லாருக்கும் காட்டினேன் என்று நீ வேறு சொன்னாய்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு சங்கத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். "ஒரு நூலளவு விரிசலுக்கா பயப்படுறீங்க? விழா முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். சரி என்று வந்துவிட்டேன் கண்ணு, அங்கேயும் சரி என்றுதான் சொன்னேன். மறுநாள் காலை அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எட்டாவது பெயர் நம் பாப்பாவின் பெயர். அந்தப் பிள்ளை யாரோ எவரோ. உளியும் சுத்தியலும் எடுத்துப் பலகையை அப்படியே பெயர்த்துப் போட்டேன். விரிசல் உள்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஓடியிருந்தது.

விழா நின்றது. தலைவர் எல்லார் முன்னாலும் கத்தினார். உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி கூப்பிட மாட்டார்கள், நீ கூப்பிட்டபடியே உன்னிடம் வந்துவிடலாம் என்று பெட்டியைக்கூடத் துடைத்து வைத்தேன். ஐந்தாம் நாள் தலைவர் வீட்டுக்கே வந்தார், நம் கால் ஆடும் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்தார். "அன்னைக்கு நான் பேசினது தப்பு. தன் தப்பைத் தானே பெயர்த்துப் போடுற ஆளை இனி எங்க போய்த் தேடுவேன்? இதை முடிச்சு இன்னும் மூணு படகு நீங்கதான் கட்டணும்" என்றார். என் மகள் கூப்பிடுகிறாள் என்று தொண்டை வரை வந்தது. உன் அம்மா அடுப்படி வாசலில் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை ஆடிவிட்டது. மூன்று வருட வேலை. உன் அம்மாவையாவது அனுப்பலாமென்றால், "சோறு வடிக்கத் தெரியாத மனுஷனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்று அவளும் இங்கேயே.

புதுப் பலகை நேற்று வந்தது, இந்த முறை சத்தமில்லாமல் வளைந்தது. ஆபீஸில் உன் தலையில் வேலையைக் கட்டினால் முடியாது என்று சொல்லிப் பழகு, அந்த விஷயத்தில் என்னைப் போல இல்லாமல் அம்மாவைப் போல இரு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். பாப்பாவுக்கு முத்தம். மூவரும் நோய்நொடியின்றி நீடு வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, போனில் எப்பப்பா வர்றீங்க என்று கேட்காதே. கேட்டால் அடுத்த மாதம் என்று சொல்லிவிடுவேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா