சுனை வாசல் மிதிக்காதவர்

கெடிசான்
3 ஜூலை 1997

அன்புள்ள சரினிக்கு,

நலம். நீயும் அண்ணன் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இதைக் கொண்டுவருகிற அம்மாள் ஹாலந்துக்காரர். நீலத் தொப்பி, மூக்கு நுனியில் தோல் உரிந்திருக்கும். விடியலில் என்னோடு பாத்தூர் எரிமலை ஏறி, சூரியனைப் பார்த்து, நான் ஆவிக் குழியில் வேகவைத்துக் கொடுத்த முட்டையைத் தின்றுவிட்டு, கால்வலி தீர இப்போது உங்கள் வெந்நீர்ச் சுனையில் முங்க வருகிறார். அங்கே துண்டு கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சேர்த்துவிடுங்கள் என்றேன். "யாரு அது?" என்றார். "எம் பொண்டாட்டிதாங்க." "அப்ப நீயே கொண்டுபோய்க் குடுக்கலாமே?" என்றார். ஹாலந்துக்காரரிடம் இதை எங்கிருந்து தொடங்கி விளக்குவது?

நான் வரமுடியாது என்று உனக்குத் தெரியும். சண்டையில் நீ "போங்க, அந்தத் தண்ணிக்கே போங்க" என்றாய். நானும் வீட்டுக் கோயில் முன்னால் தீர்த்தத்தைக் கையில் ஏந்தி, இனி அந்தச் சுனையின் வாசலை மிதித்தால் மலைச்சாமி என்னைக் கேட்கட்டும் என்று சொல்லித் தொலைத்தேன். கோபத்தில் சொன்னதுதான். சாமிக்கு அது தெரியவா போகிறது? நீயோ வேறு இடம் கிடைக்காததுபோல, சுனைக் காவல்காரரான உன் அண்ணன் வீட்டுக்கே போய் உட்கார்ந்துவிட்டாய். அந்த வீட்டுக்குச் சுனை வாசலைத் தவிர வேறு வழியும் கிடையாது.

சமையல் இப்போது என் கையில். நேற்று வைத்த மீனைப் பார்த்து அம்மா, "பாவம்டா அது, ஏரியிலயே செத்திருக்கலாம்" என்றாள். முன்னோர்கள் வீடு தேடி வருகிற கலுங்கான் பண்டிகைக்கு இன்னும் இரண்டரை மாதம் இருக்கிறது. அதற்குள் வந்துவிடு சரினி. வீடு வீடாக இல்லை.

உன்
நெங்கா


தோயா புங்கா
6 ஜூலை 1997

அன்புள்ள பிளிக்கு,

சரினி எழுதுவது. கோபம் இருந்தாலும் புருஷனைப் பிளி என்று கூப்பிடுகிற பழக்கம் போகவில்லை. நாங்கள் நலம். உங்கள் ஹாலந்து அம்மாள் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஈரத்தோடு நின்றார். அழுவேன் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ. நான் இரண்டாவது துண்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். விருந்தினர்களைத் திரும்ப அழைத்துப் போகிற வேன் ஓட்டும் கொம்பியாங்கிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வந்துவிடு என்று எழுதியிருக்கிறீர்கள். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போனவளைப் புருஷன்தான் நேரில் வந்து, அவள் வீட்டார் முன்னால் கேட்டு அழைத்துப் போகவேண்டும். இது நான் போட்ட சட்டம் இல்லை. கடிதம் கண்டு கிளம்பினால் என் அண்ணி சிரிப்பார், உங்கள் அம்மாவும் மனத்துக்குள் சிரிப்பார்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி எனக்கு ரத்தம் போகத் தொடங்கியதும் பக்கத்து வீட்டு அக்கா மலையடிவாரத்துக்கு ஓடி, உங்களுக்குப் பின்னால் ஏறவிருந்த வழிகாட்டி ரந்தெனிடம் சொல்லியனுப்பினார். அந்தச் செய்தி உங்களுக்கு எத்தனை மணிக்குக் கிடைத்தது? காரணமெல்லாம் வேண்டாம். நேரத்தை மட்டும் எழுதுங்கள்.

மீனுக்கு மஞ்சளை முதலில் வதக்கவேண்டும். கடைசியில் தூவுவது அல்ல.

சரினி


கெடிசான்
20 ஜூலை 1997

அன்புள்ள சரினிக்கு,

மஞ்சளை வதக்கினேன். கரிந்துவிட்டது. ஆனாலும் அம்மா தட்டைக் காலிசெய்தாள், அதுவே பெரிய விஷயம்.

மலையில் இப்போது கூட்டம் தாளவில்லை. பனி விலகி, அகுங் மலையும் அதற்கப்பால் கடல்தாண்டி ரிஞ்சானியும் கோடு போட்டதுபோலத் தெரிகின்றன. எல்லோரும் ஓவென்று கத்துகிறார்கள். உச்சியில் ஒரு குரங்கு பிரெஞ்சுக்காரர் ஒருவரின் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. வாழைப்பழம் காட்டி மீட்டுக் கொடுத்தேன். நான் கடிதம் கொடுத்தனுப்புவதைப் பார்த்து ரந்தென், "ஏண்டா நெங்கா, நீ வழிகாட்டியா தபால்காரனா? தொப்பிய மாத்திக்கடா" என்கிறான். என் பிழைப்பு சிரிப்பாய்ச் சிரிக்கிறது.

நேரம் கேட்டிருந்தாய். மலையில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்? கீழே இறங்கிய பிறகுதான் தெரியும். விருந்தினர்களைச் சுனையில் கொண்டுபோய் விடவேண்டியிருந்தது, அவர்களும் வா வா என்று கூப்பிட்டார்கள், இரண்டு நிமிடம் நனைந்துவிட்டு ஓடிவந்தேன். இதைத்தான் அன்றைக்கும் சொன்னேன்.

நீ கோபத்தை விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். இதைக் கொண்டுவருகிற ஆஸ்திரேலியத் தம்பதி நல்லவர்கள், வழியெல்லாம் ஒருவர் கையை ஒருவர் விடவில்லை.

உன்
நெங்கா


தோயா புங்கா
23 ஜூலை 1997

அன்புள்ள பிளிக்கு,

உங்கள் நல்லவர் கடிதத்தைக் கால்சட்டைப் பையில் வைத்தபடியே சுனையில் இறங்கிவிட்டார். ஞாபகம் வந்து எடுத்துக் கொடுத்தபோது பாதி எழுத்து நீலத் தண்ணீராகிவிட்டது. கல்லில் போட்டுக் காயவைத்தேன். நீங்கள் மன்னிப்புக் கேட்டிருந்த இடம்தான் கரைந்திருக்கும் என்று நினைத்து வெயிலில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். அப்படி ஓர் இடமே இல்லை. குரங்கு மட்டும் தெளிவாக இருந்தது.

அன்றைக்கு நீங்கள் வீடு வந்தபோது மணி பத்தரை. எல்லாம் முடிந்து, அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். என் வயிற்றில் நான்கு மாதம் இருந்த பிள்ளை பிளி. வாசலில் நின்றீர்கள், தலையெல்லாம் ஈரம், சுனையின் கந்தக வாசனை. நான் ரத்தத்தில் கிடந்தபோது நீங்கள் குளித்துவிட்டு வந்திருந்தீர்கள். புதைத்த அன்றும், தீட்டுக் கழிந்த அன்றும் நீங்கள் பிள்ளையைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதனால்தான் வந்தேன். உங்கள் சத்தியத்துக்காகவோ உங்கள் அம்மாவின் பேச்சுக்காகவோ வரவில்லை.

ஒரு செய்தி. அண்ணன் கெடே முதிதா நேற்று என்னை உட்காரவைத்துப் பேசினார். "கலுங்கான் அன்னிக்கு எந்த வீட்டுக் கோயில்ல படையல் வைக்கப்போற? அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம எத்தன நாளு? முன்னோர்களுக்கே கணக்குக் கொழம்பிடும்மா" என்றார். கல்யாணத்தன்று இந்த வீட்டு முன்னோர்களிடம் விடைபெற்றுப் போனேன் அல்லவா, திரும்ப என்னை ஏற்றுக்கொள்ளச் சொல்லிச் சடங்கு செய்யக் கோயில் பூசாரி மங்குவிடம் நாள் கேட்டிருக்கிறார். செப்டம்பர் பதினொன்று. அது முடிந்தால் நான் உங்கள் வீட்டுப் பெண் இல்லை.

நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நேரத்தை எழுதுங்கள்.

சரினி


கெடிசான்
8 ஆகஸ்ட் 1997

சரினிக்கு,

சந்தேகப்படுகிறவளுக்கு எதை எழுதினாலும் சந்தேகம்தான். பிள்ளை உனக்கு மட்டும்தான் பிள்ளையா? உன் அண்ணன் நாள் குறித்துவிட்டார் என்றால் நடத்தட்டும். படையலுக்குப் பன்றியும் இப்போதே சொல்லிவைக்கச் சொல், பண்டிகை சமயத்தில் கிடைக்காது.

நெங்கா சுவேத்ரா


கெடிசான்
24 ஆகஸ்ட் 1997

சரினி,

எட்டாம் தேதி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. கொம்பியாங் தினமும் வெறுங்கையோடு வருகிறான். "இன்னிக்கும் ஒண்ணும் இல்லண்ணே" என்று தூரத்திலேயே கையை விரித்துக்கொண்டு வருகிறான். பதில் போடு.

நெங்கா


கெடிசான்
6 செப்டம்பர் 1997

அன்புள்ள சரினிக்கு,

இந்தக் கடிதத்தை இரண்டு கையாலும் உனக்குக் கொடுக்கிற பெரியவர் ஜப்பானில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். கூட வருவது அவர் மனைவி. அவர்களைப்பற்றி முதலில் சொல்கிறேன், அதைச் சொன்னால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

நேற்றுப் பெரியவர் தனியாகத்தான் என்னோடு ஏறினார். மனைவிக்கு உடம்பு அசதி, விடுதியில் படுத்திருந்தார். பெரியவருக்கு எழுபது வயது. கரிமணலில் இரண்டடி ஏறினால் ஓரடி சறுக்குகிறது, ஆனாலும் உட்காரவே மாட்டேன் என்றார். உச்சிக்குப் போய் உட்கார்ந்தோம். கிழக்கே வெளுக்கத் தொடங்கியபோது விடுதி ஆள் ஒருவர் மூச்சு வாங்க வந்து, அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை, டாக்டருக்குச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பெரியவர் எழுந்து பையை மாட்டிக்கொண்டார். நான் சொன்னேன், "இன்னும் இருபது நிமிஷத்துல சூரியன் வந்துரும் ஐயா. இவ்வளவு தூரம் வந்துட்டு..." அவர் என்னை ஒரு பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு இறங்க ஆரம்பித்துவிட்டார். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் ஓடினேன். கீழே போனால் அந்த அம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மனுஷன் அப்போதுதான் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

சரினி, எனக்குச் செய்தி கிடைத்தது ஐந்தே காலுக்கு. உச்சியில் வைத்துத்தான். முட்டைகளை ஆவிக் குழியில் வைத்துக்கொண்டிருந்தேன். ரந்தென் ஓடிவந்து, "சரினிக்கு ரத்தம் போகுதாம்டா, ஒடனே போ. இவங்கள நான் பாத்துக்கிறேன்" என்றான். நான் "சூரியன் வரட்டும்" என்றேன். ரந்தென் கெட்ட வார்த்தையில் திட்டினான். அப்படியும் நான் எழுந்திருக்கவில்லை.

விருந்தினர்களுக்காக இருந்தேன் என்பது பொய். எனக்குப் பயம். கீழே போனால் பிள்ளை இல்லை என்று ஆகிவிடும், மேலே இருக்கும்வரை இருக்கிறது என்று ஒரு நினைப்பு. முட்டையை உரித்து உரித்து எல்லோருக்கும் கொடுத்தேன். இறங்கி வந்த பிறகும் வீட்டுப் பக்கம் கால் போகவில்லை. சுனைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் இறங்கினேன். வெந்நீருக்குள் முகத்தை அமுக்கிக்கொண்டு அழுதேன், அங்கே அழுதால் யாருக்கும் தெரியாது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதற்குப் பிறகுதான் உன் வாசலில் வந்து நின்றேன். உன்னைத் தனியாக விட்டேன். கோழை நான். அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உன்மேலேயே கோபப்பட்டேன், தீர்த்தத்தை ஏந்திக் கத்தினேன்.

சத்தியத்துக்கு விமோசனம் உண்டா என்று நேற்று மாலை மங்குவிடம் போய்க் கேட்டேன். "தீர்த்தம் ஏந்திச் சொன்னத, அத கேட்ட ஆளு முன்னாடி நின்னு, எந்தத் தண்ணிய வேணாம்னியோ அதே தண்ணியத் தொட்டுத்தான் திருப்பி வாங்கணும்" என்றார். நான் சொன்னதைக் கேட்டவள் நீ ஒருத்திதான். உன்னை வா என்று கூப்பிட எனக்கு இப்போது வாய் வரவில்லை. பதினொன்றாம் தேதி நீ எந்தப் பக்கம் போனாலும் குறை சொல்லமாட்டேன்.

நெங்கா


தோயா புங்கா
9 செப்டம்பர் 1997

அன்புள்ள பிளிக்கு,

பெரியவர் குனிந்து வணங்கி இரண்டு கையாலும் கொடுத்தார். படித்துவிட்டுத் துண்டு மேசையை அப்படியே போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போய்விட்டேன். அன்று விருந்தினர்கள் துண்டைத் தாங்களே எடுத்துக்கொண்டார்களாம். அண்ணன் கத்தினார், கத்தட்டும்.

ஐந்தே கால் என்பது எனக்கு ஜூன் மாதமே தெரியும். ரந்தென் சொல்லிவிட்டார். உங்கள் வாயால் வரட்டும் என்றுதான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். வராமலே போய்விடுமோ என்று போன மாதம் பயந்துவிட்டேன். அதனால்தான் பதில் எழுதவில்லை.

ஆனால் நீங்கள் அழுதது எனக்குத் தெரியாது. நீங்கள் அழவே இல்லை என்று நினைத்துக்கொண்டு உங்களுக்கும் சேர்த்து நானே அழுதுகொண்டிருந்தேன். நான் துண்டு கொடுக்கிற இந்தத் தண்ணீரில்தான் நீங்கள் அழுதிருக்கிறீர்கள். மன்னித்துவிட்டேன் என்று எழுதமாட்டேன், இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. பிள்ளையை நினைத்து உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை அழவேண்டும்போல இருக்கிறது. அது அண்ணன் வீட்டில் முடியாது.

அண்ணனிடம் சடங்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "படையல் ஓலையெல்லாம் பின்னியாச்சு, பன்னிக்குச் சொல்லியாச்சு, இப்ப வந்து வேணாங்கிறியே!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பின்னின ஓலையும் பன்றியும் கலுங்கானுக்கு ஆகும் என்றேன். அண்ணி அடுப்படியில் சிரித்தார். அண்ணன் கடைசியில், "அவன் வந்து கேக்கட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னார். அவர் அப்படிச் சொன்னால் பாதி சம்மதம்.

பதினொன்றாம் தேதி விருந்தினர்களை ரந்தெனிடம் விட்டுவிட்டு வாருங்கள். சுனையின் வாசலை மிதிக்கவேண்டாம், வெளியே ஆலமரத்தடியில் நில்லுங்கள். செம்பில் சுனை நீர் எடுத்துக்கொண்டு நான் வாசலைத் தாண்டி வருகிறேன். மங்குவையும் கூப்பிட்டிருக்கிறேன். சத்தியத்தைத் திருப்பி வாங்கியபிறகு உள்ளே வந்து, அண்ணன் முன்னால் என்னைக் கேளுங்கள். கேட்டவுடனே நான் தலையாட்டிவிடுவேன் என்று நினைக்காதீர்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், கொஞ்சநேரம் யோசிக்கிறவள் மாதிரி பேசாமல் நிற்பேன். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் மலை ஏறிவிடாதீர்கள்.

உங்கள்
சரினி