மணவூரில் இறங்கிய டிரான்சிஸ்டர்

6 ஜனவரி 1975, திங்கள்

போஸ்ட் ஆபீசில் ரேடியோ லைசென்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தேன். வேதாசலம் என்று என் பெயர், என் விலாசம், என் காசு. ரேடியோ மட்டும் நாகேந்திரன் கொடுத்தது.

நாகேந்திரன் கோமளாவுக்கு மாமன் மகன். நகரியில் விசைத்தறி ஓட்டுகிறான். முறைப்படி அவன்தான் இவளைக் கட்டியிருக்க வேண்டும் என்று எங்கள் கல்யாணப் பந்தலிலேயே இரண்டு பேர் என் காதுபடப் பேசினார்கள். ஏன் கட்டவில்லை என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன பதில் வந்து தொலையுமோ! பர்மா பஜாரில் வாங்கிய டிரான்சிஸ்டரை ஊரே பார்க்கும்படி தூக்கிக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தான். நான் மாலையும் கழுத்துமாகப் பக்கத்தில் அசடு வழிய நின்றேன்.

ஆவணியிலிருந்து அது இந்த வீட்டில் பாடிக்கொண்டிருக்கிறது. காலையில் எழுந்ததும் கோமளா அதை ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் துடைக்கிறாள். தாலி கட்டியவனுக்கு இந்த உபசாரம் கிடையாது.

8 ஜனவரி

"பாவா குடுத்த ரேடியோ நல்லா எடுக்குதுங்க" என்றாள். பாவா என்றால் மாமன் மகன் நாகேந்திரன்தான். பாவா குடுத்த, பாவா குடுத்த! வெறும் ரேடியோ என்று சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

10 ஜனவரி, வெள்ளி

இன்று டிரான்சிஸ்டரை அவளாகவே என் பையில் வைத்துவிட்டாள். திருத்தணியில் ஏறி, அரக்கோணத்தில் வண்டி மாறி, திருவள்ளூர் தாலுக்கா ஆபீசுக்குப் போய் வருவதிலேயே என் பொழுது போகிறது.

"சும்மாதானே குந்திகினு போறீங்க. பாட்டு கேட்டுகினு போங்க."

"உனக்கு வாணாமா?"

"எனக்கு வேலை கீது."

வீட்டில் அவன் நினைப்பு போதாதென்று ரயிலிலும் வர வேண்டுமோ? வாங்கிக்கொண்டேன்.

அரக்கோணம் தாண்டியதும் ஒரு மாட்டு வியாபாரி, வாய் நிறைய வெற்றிலை, தலையில் அழுக்கு முண்டாசு, பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சார், அத்த கொஞ்சம் குடுங்க சார். நியூஸ் கேட்டுட்டுக் குடுத்துடறேன்." எதிரே எங்கள் தெரு சிங்காரம், அவரும் திருவள்ளூருக்குத்தான் தினமும் வருகிறார். கொடுக்காதே என்று கண்ணைக் காட்டினார்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. இவன் இதை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டால்?

கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தூங்குவது போலக் கண்ணை மூடிக்கொண்டேன். நிஜமாகவே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது. திருவள்ளூரில் விழித்தால் டிரான்சிஸ்டர் என் மடியில் இருந்தது. கீழே விழாமல் இருக்கத் துண்டால் அணை வேறு கொடுத்திருந்தான், படுபாவி.

16 ஜனவரி

காணும் பொங்கலுக்கு நாகேந்திரன் வந்திருந்தான். வந்ததும் வராததுமாக ரேடியோவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். என் வீட்டில், என்னைக் கேட்காமல், தானே திருகிப் பாட வைத்தான். பிறகு விலையைச் சொன்னான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தபோது அவர்களுக்கும் சொன்னான்.

"எப்டி மாப்ள, நல்லா பாடுதா?"

"பாடுது."

கோமளா காபியை வைத்துவிட்டு உள்ளே போனவள் அவன் கிளம்பும்வரை வெளியே வரவில்லை. முகம் சிவந்திருந்தது. அவனை நேருக்கு நேர் பார்க்க மனசு தாங்கவில்லையோ? நான் பாதிச் சோற்றிலேயே எழுந்துவிட்டேன்.

இந்தப் பெட்டி தொலைய வேண்டும். நானாக உடைக்கவோ விற்கவோ முடியாது, கேட்பாள். தொலைந்தால் யார் என்ன சொல்ல முடியும்?

22 ஜனவரி, புதன்

கிருத்திகைக் கூட்டம். மொட்டைத் தலைகளும் காவடிகளுமாக வண்டியில் நிற்க இடமில்லை. இப்போதெல்லாம் ஏறியவுடன் நான் திருட்டு முழி முழிக்கிற ஆளாகத் தேடுகிறேன். இன்று ஒருவன் கிடைத்தான். கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை, கண் ஒரு இடத்தில் நிற்கவில்லை. இவன்தான் என் ஆள் என்று முடிவு செய்தேன். சினிமாப் பாட்டு கேட்க வேண்டுமாம். அவன் வாய் மூடுவதற்குள் கொடுத்துவிட்டேன். கூட்டத்தில் புகுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். சந்தோஷத்தில் ஒரு டீ குடித்தேன்.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் அத்தனை மொட்டைகளுக்கு நடுவே என்னைக் கண்டுபிடித்து ஓடி வந்தான். "சார், சார்! பேட்டரி வீக்கா கீது. மாத்திடுங்க."

நாட்டில் இத்தனை யோக்கியர்களா?

23 ஜனவரி

இன்றும் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு பொட்டலம் வேர்க்கடலை.

24 ஜனவரி, வெள்ளி

போய்விட்டது!

முதலிலிருந்து எழுதுகிறேன். மாலை வண்டி. பம்பாயில் டெஸ்ட் மேட்ச் நடப்பதால் பெட்டியே ஸ்கோர் கேட்டு என்னை மொய்த்தது. மணவூரில் மெயிலுக்கு வழிவிட வண்டியை நிறுத்திப் போட்டான். ஒல்லியாக ஒரு ஆள், கரும்பு வெட்டப் போகிறவன் போலிருந்தது, காலெல்லாம் கரும்புச் சோகை கீறிய கோடுகள். "சார், குடுங்க சார். கீழ எடுத்துகினு போனா நல்லா கேக்கும்" என்றான். கொடுத்தேன். அவன் பிளாட்பாரத்தில் நின்று திருகிக்கொண்டிருந்தான். விசில் ஊதியது. வண்டி நகர்ந்தது. படியில் தொத்தக்கூட இடமில்லை.

ஓடி வந்தான். இரண்டு கையாலும் டிரான்சிஸ்டரைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு என் சன்னலோடு ஓடி வந்தான். "சார், புடிங்க சார்! புடிங்க!"

நான் கையை நீட்டியிருந்தால் போதும். கை சன்னலுக்கு வெளியே போகத்தான் போனது. போன கை அதை வாங்கவில்லை. வேண்டாம், வேண்டாம் என்று ஆடியது. நானா ஆட்டினேன்? நான்தான். பிளாட்பாரம் முடிந்த இடத்தில் அவன் நின்றுவிட்டான். சிங்காரம் வாயைப் பிளந்து என்னைப் பார்த்தார்.

மனசு பஞ்சாகிவிட்டது. கோமளாவிடம் என்ன சொல்வது என்று திருத்தணி வரும்வரை யோசித்தேன். வீட்டுக்கு வந்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நாளை சொல்லிக்கொள்ளலாம்.

25 ஜனவரி, சனி

நான் வாயைத் திறப்பதற்குள் விஷயம் வந்துவிட்டது. சிங்காரத்தின் மனைவி பத்மா தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொல்லியிருக்கிறாள். கோமளா தோசை ஊற்றிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"யாரோ கரும்பு வெட்டற ஆளுக்கு ரேடியோவையே குடுத்துட்டீங்களாமே. திருப்பிக் குடுக்க ஓடி வந்தவனை, நீயே வெச்சிக்கன்னு கை ஆட்டினீங்களாம். டெய்லி கேக்கறவனுக்கெல்லாம் மூஞ்சி சுளிக்காம குடுப்பீங்களாம். பத்மா சொல்லிச் சொல்லி மாஞ்சு போறா."

பிய்த்த தோசையைத் தட்டிலேயே போட்டேன். "உனக்குக் கோவம் இல்லியா? உங்க பாவா குடுத்ததாச்சே."

"ஆங், பாவா!" அவள் தோசைத் திருப்பியைத் தட்டி வைத்த சத்தத்தில் நான் நிமிர்ந்தேன். "மழையில நனைஞ்சிகினு நிக்கறவளுக்கு ஒரு குடை குடுக்க மாட்டாரு எங்க பாவா. குடுத்தா ஊரெல்லாம் தமுக்கு அடிப்பாரு. அந்த ஆளைக் கட்டிக்க மாட்டேன்னு எங்க நைனா கால்ல வுழுந்து அழுதவ நானு. ஒரு கீறல் இருந்தாலும் வந்து கேப்பாருன்னுதான் தினம் தினம் தொடச்சேன். பொங்கலுக்கு வந்து விலையைச் சொல்றாரே, எனக்கு மானம் போச்சு. உங்க பையில வெச்சனே, ஏன்? கண்ணுல படாம இருந்தா போதும்னுதான்."

பிறகு, என்னைப் பார்க்காமல், தோசைக்கல்லைப் பார்த்துச் சொன்னாள்: "உங்கள மாதிரி ஆளு எனக்குக் கெடைச்சது எங்கம்மா செஞ்ச புண்ணியம்."

மாட்டேன் என்று சொன்னவள் இவள்தானாம்! நான் எழுந்து குதித்திருக்க வேண்டும். கை அலம்பிக்கொண்டு வெளியே போய் நின்றேன். வண்டியில் நடந்ததைச் சொல்லிவிடலாமா என்று இரண்டு தரம் உள்ளே வந்தேன். இரண்டு தரமும் அவள் சிரித்தாள். எப்படிச் சொல்வது?

30 ஜனவரி, வியாழன்

மணவூரில் வண்டி நின்றதும் சன்னல் வழியாக ஒரு கை வந்து டிரான்சிஸ்டரை என் மடியில் வைத்தது. அதே ஆள். தினமும் மாலையில் வந்து ஒவ்வொரு பெட்டியாகத் தேடினானாம். என் சன்னல் இன்றுதான் கிடைத்ததாம்.

"ஏன் சார் வாணாம்னு கைய ஆட்டினீங்க? நான் இன்னா பிச்சையா கேட்டேன்?" என்றான். நான் ஏதோ உளறினேன். அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "அப்டி இன்னா சார் இதும்மேல உங்களுக்கு வெறுப்பு?"

பதில் சொல்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. நல்ல வேளை, சிங்காரம் இன்று லீவு.

கோமளாவிடம் கொடுத்தேன். "உங்க மனசுக்குத்தான் திரும்பி வந்துடுச்சி" என்றாள். அதற்கு என்னை ஒரு அறை அறைந்திருக்கலாம்.

3 பிப்ரவரி

சாயங்காலம் இரண்டு பேரும் உட்கார்ந்து பாட்டு கேட்டோம். "நம்ம ரேடியோ" என்றாள்.

9 பிப்ரவரி, ஞாயிறு

திருவள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குக் கோமளாவையும் அழைத்துக்கொண்டு போனேன். வழியில் பாட்டு கேட்க டிரான்சிஸ்டரை அவள்தான் எடுத்து வந்தாள். திருவாலங்காட்டில் ஏறிய ஒருவன் எங்களைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், கொஞ்சம் குடுக்கறீங்களா?"

கொடுக்க மனம் வரவில்லை. இத்தனை நாளில் இன்றுதான் வரவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். கோமளா என் பக்கம் திரும்பினாள். நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் துளிச் சந்தேகம் இல்லை.

கொடுத்தேன். அவன் கதவோரம் போய் நின்றான். வண்டி மெதுவாகும்போதெல்லாம் நான் பாதி எழுந்து உட்கார்ந்தேன். அவன் கையிலிருந்து நான் கண்ணை எடுக்கவில்லை.

கோமளா பாட்டையும் கேட்கவில்லை, சன்னல் பக்கமும் திரும்பவில்லை. வழி முழுக்க என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. ஆனால் அது எனக்கு வந்தது இல்லை. கேட்டவனுக்கெல்லாம் முகம் சுளிக்காமல் கொடுக்கிறானாமே ஒரு வேதாசலம், அவனுக்கு வந்தது.

நாகேந்திரன் மேல்கூட எனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்ததில்லை.