முருகையாவின் கம்பி

மே 5, திங்கள்

ஓட்டல் கட்டப்போகிற இடத்தில் கிடக்கும் பழைய நீராவிப் படகின் வரலாற்றை மூன்று பக்கத்தில் எழுதி எங்கள் ஆபீசில் கொடுத்தேன். ரப்பரும் ஆடும் ஆளும் ஏற்றிச் சிலாங்கூர் ஆற்றைக் கடந்த மரப்படகு. ஒருநாள் கொதிகலன் வெடித்து, அடுப்புக்கு விறகு போட்ட முருகையா வெந்து செத்தார். தோல் சட்டையோடு கழன்று வந்ததாம். பாலம் வந்ததும் படகைக் கரையேற்றிவிட்டார்கள். அவர் தணல் கிளறிய கம்பியை அந்த அடுப்பு வாயிலேயே நட்டு, எங்கள் தோட்டத்து லயன் வீட்டு ஆட்கள் சாமியாக்கினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அப்பாதான் சுருட்டுக் கொளுத்தி வைக்கிறார்.

இந்தச் சாமி கதைதான் மூன்றாம் பக்கம். கூட்டத்தில் மேனேஜர் ரவீந்திரன் கேட்டார்.

"அங்க சாமி கீமி ஏதும் இருக்கா? இருந்தா ஓட்டல் வேலை நின்னுடும் லா."

யாரோ சுருட்டுக் குடிக்கிற பாயிலர் என்று சிரித்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கழுத்தெல்லாம் சுட்டது. "இல்ல சார்" என்றேன். அவர் மூன்றாம் பக்கத்தை உருவிவிட்டு, 'வழிபாடு எதுவும் இல்லை' என்ற தாளில் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மே 6

அப்பாவிடம் சொல்லவில்லை. நாளைக்கு.

மே 14, புதன்

சொல்லவே இல்லை. காலை எட்டுக்கு மண்வாரி இயந்திரம் வந்தது. அப்பா ஓடிப்போய்ப் படகின் மேல் ஏறி நின்றார். ஓட்டுநர் பார்த்தான் — பார்த்துக்கொண்டே இடித்தான். புகைபோக்கி சாய்ந்து அப்பாவின் வலது கையை நசுக்கியது. எலும்பு வெளியே தெரிந்தது.

என் அண்ணன் செல்வா அடுப்பு வாயிலிருந்து கம்பியைப் பிடுங்கினான். ஓட்டுநரைக் கீழே இழுத்து முகத்தில் அடித்தான். சேற்றில் பற்கள். மறுபடியும் அடித்தான்.

ரவீந்திரன் தாளைத் தூக்கிக் காட்டினார். "உன் தங்கச்சிதான்டா சாமி இல்லன்னு கையெழுத்துப் போட்டிருக்கு."

அண்ணன் கம்பியோடு என் பக்கம் திரும்பினான். அடிக்கப்போகிறான் என்று கண்ணை மூடினேன்.

"எதுக்குடி?" என்றான். கம்பி கீழே விழுந்த சத்தம் கேட்டது.

போலீஸ் அவனைக் கொண்டுபோனது. நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மிச்சப் படகையும் உடைத்து முடித்துவிட்டார்கள்.

மே 15

அப்பாவின் விரல்கள் அசையாது என்கிறார் டாக்டர். ரவீந்திரன் போன் செய்தார். நான் படித்த பெண்ணாம், அண்ணன் ரவுடியாம், எழுதியதை மாற்றாமல் இருந்தால் வேலை இருக்குமாம். அங்கே சாமி இல்லை என்றே இருந்துவிட்டால் அண்ணன் வெறும் ரவுடிதானே?

மே 16

நான் போட்டது பொய்க் கையெழுத்து என்று போலீஸ் ஸ்டேஷனில் சொல்லிவிட்டேன். மூன்று முறை திரும்பச் சொல்லவைத்தார்கள். மூன்றாம் பக்கத்தின் நகலையும் கொடுத்தேன். மாலையே வேலை போனது. அப்பா இன்னும் என்னிடம் பேசவில்லை.

மே 23, வெள்ளி

அண்ணனுக்கு இன்னும் ஜாமீன் இல்லை. அப்பா சட்டைப் பையில் சுருட்டை வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிள் பக்கத்தில் வந்து நின்றார். நான் ஒன்றும் கேட்காமல் ஸ்டேஷனுக்கு ஓட்டினேன்.

கவுண்டருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றது கம்பி. கழுத்தில் வழக்கு எண் எழுதிய அட்டை. நுனியில் ரத்தம் காய்ந்து துருவோடு துருவாக இருந்தது. அப்பா பற்றவைக்காத சுருட்டை மேசைமேல் வைத்து, இடது கையை மட்டும் நெஞ்சுக்கு உயர்த்தினார்.

போலீஸ் சார்ஜண்ட் மலாய் மொழியில் கேட்டார், இது என்னவென்று. அங்கிருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்பாவும்.

"எங்க சாமி" என்றேன்.