தவிட்டுக்கு வாங்கியவள் வைத்த பேர்

அக்கா,

பேத்தமங்களாவிலிருந்து அரிசிக் கூடை சுமந்து வருகிறவள் இன்று காலை சரியாகப் புடைக்காத அரிசியை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். முறத்தில் போட்டு நாலு தட்டுத் தட்டியதும் தவிட்டு வாடை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு அது மாட்டுத் தீவன வாடை. எனக்கு அது உன் ஞாபகம். முறத்தை அப்படியே வைத்துவிட்டு, உன்மேல் வந்த கோபத்தில் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

போனவர்கள்மேல் கோபப்படக் கூடாதென்று சொல்கிறார்கள். நீ இருந்தபோது கோபப்பட எனக்கு வசதி ஏது? உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் தட்டி. நான் பெருமூச்சு விட்டால் உனக்குக் கேட்கும், நீ உப்புப் போட மறந்தால் எனக்குத் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் யார் யாரோடு பேசாமல் இருக்க முடியும்? இத்தனை வருஷமும் பேசிக்கொண்டேதான் இருந்தோம். இதை ஒரே ஒரு தரம் பேசியதோடு சரி, மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

நம் கூலி லைன் வீடுகளுக்கு வந்த கிறிஸ்தவ வேதக்கார அம்மா நம் இருவரையும் சேர்த்துத்தான் மணலில் எழுத்துப் போட வைத்தாள். எனக்கு வந்தது. நீ 'அ' போடுவதற்குள் அடுப்பில் ஏதோ தீய்கிறதென்று எழுந்து ஓடிவிடுவாய். உயிரோடிருந்தபோதே எழுத்துக் கூட்டத் தெரியாதவள், இனிமேலா படிக்கப் போகிறாய்? அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

பௌரிங்பேட்டையில் ரயிலை விட்டு இறங்கி, ஒரே மாட்டு வண்டியில் இந்தத் தங்கச் சுரங்க ஊருக்கு வந்தவர்கள் நாம். அப்போது ஊரிகத்துக்கு ரயில் கிடையாது, இப்போது இருக்கிற எலெக்ட்ரிக் விளக்கும் கிடையாது. வழியெல்லாம் வாந்தி எடுத்த என் தலையை உன் மடியில் வைத்துக்கொண்டாய். உன் பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை. அன்றைக்கே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். இங்கே எனக்கு நீதான் பிறந்த வீடு.

என் முதல் பிள்ளை ஆண். மூச்சுத் திணறிப் போனான். இரண்டாவது பெண். சாவு ஏறெடுத்துப் பார்க்காமல் போகட்டுமென்று வழக்கப்படி குப்பையில் புரட்டியெடுத்துக் குப்பம்மா என்று பேர் வைத்தோம். சாவு பார்த்துவிட்டது. அந்தக் குழந்தையைக் குளிப்பாட்டியது உன் கைதான். எனக்கு அழக்கூடத் தெம்பில்லை, எனக்கும் சேர்த்து நீ அழுதாய். அதையெல்லாம் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபம் வராது.

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தபோது, தவிட்டுக்கு விற்றுவிடலாமென்று நீதான் சொன்னாய். நம் ஊர்ப் பக்கத்து வழக்கம் அது. பெற்றவள் கையில் பிள்ளை தங்கவில்லையென்றால், பிள்ளைகள் தங்கிய வேறொருத்தி ஒரு முறம் தவிட்டைக் கொடுத்து வாங்கிக்கொள்வாள். பேரும் அவள்தான் வைப்பாள். பிறகு தன் பிள்ளையை வளர்க்கக் கொடுப்பதுபோலப் பெற்றவளிடமே கொடுப்பாள். சாவு வந்து தேடினால் அந்த வீட்டில் பிள்ளை இல்லை, விற்றாயிற்று. வாங்கியவள் வைத்த பேரைத் தவிர வேறு பேர் சொல்லிப் பெற்றவள் கூப்பிட்டால் மட்டும் விற்றது செல்லாது. நாலு பிள்ளை பெற்று நாலும் கல்லுக்குண்டாய் ஓடித் திரிகிற உன்னைவிட வாங்குவதற்கு யார் கிடைப்பார்கள்?

பேர்தான் சிக்கல். என் வீட்டுக்காரருக்குத் தன் தாயின் பேரை வைக்க வேண்டும். என் மாமியார் ஊரில் கண்மூடி ஒரு வருஷம்கூட ஆகாத சமயம் அது. எனக்கோ, நான் சின்னவளாயிருந்தபோதே போய்விட்ட என் அம்மாவின் பேர் வேண்டும். அஞ்சலை. இரண்டுமே அப்போதே பழைய பேர்கள். லைனில் அந்த வருஷம் பிறந்த பெண்களெல்லாம் ராஜமும் கமலமுமாக இருந்தார்கள். நீகூடச் சிரித்தாய். "ரெண்டும் கெழவிங்க பேரு. இதுல சண்ட வேற!" என்றாய்.

சண்டை எதற்கென்று உனக்குத் தெரியும். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஊர்க்கோடியில் இருக்கிற சாமியைக்கூட அந்தப் பேர் வருகிறதென்று நான் 'எல்லைச் சாமி' என்றுதான் சொல்வேன். வாய்க்குத்தான் தடை, கைக்கு இல்லையென்று நானே ஒரு சட்டம் செய்துகொண்டு இங்கே எழுதுகிறேன்: முனியம்மா. எழுதும்போதே கை கூசுகிறது. அந்தப் பேரை என் பிள்ளைக்கு வைத்தால், பெற்ற பிள்ளையைச் சாகும்வரை நான் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது. இது அவருக்குப் புரியவில்லை. "பாப்பான்னு கூப்ட்டுக்கோ, இன்னா கெட்டுப் போச்சு?" என்றார்.

உனக்குப் புரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்கறவ நானு, வெக்கறவ நானு. உம் வாயில வர்ற பேரத்தான் வெப்பேன், போ" என்றாய். நான் நிம்மதியாகத் தூங்கினேன், அக்கா. பிள்ளை பெற்ற பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

அந்தக் காலை எனக்கு அப்படியே இருக்கிறது. உன் வீட்டில் நீ தவிட்டை முறத்தில் கொட்டுகிற சத்தம் கேட்டது. மனசு கேளாமல் தட்டியோரம் போய், "அக்கா, அஞ்சலதான?" என்றேன். "தெரியுண்டி. சும்மா கெட," என்றாய். உன் குரலில் ஒரு நடுக்கம் இருந்ததா என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்துவிட்டேன். இல்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

வாசலுக்கு வெளியே நின்று பிள்ளையை வாங்கினாய். என் மடியில் தவிட்டைக் கொட்டினாய். லைனே கூடி நின்றது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். பைத்தியக்காரிபோலப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ பிள்ளையின் காதருகே குனிந்து, கூடியிருந்த எல்லாருக்கும் கேட்கிறமாதிரி, "முனியம்மா, முனியம்மா, முனியம்மா" என்றாய். என் முகத்தைப் பார்க்கவேயில்லை. "எம் புள்ளைய உங்கிட்ட வளக்கக் குடுக்கறேன்" என்று திருப்பிக் கொடுத்தபோதும் பார்க்கவில்லை.

தவறிச் சொல்லிவிட்டாயோ என்றுகூட நினைத்தேன். திங்கட்கிழமை காலைச் சுரங்கச் சங்கு ஊதியபோதுதான் விளங்கியது. உன் புருஷன் தொப்பியும் மெழுகுவத்தியுமாக என் வீட்டுக்காரர் பின்னால், சுரங்கத்துக்குள் இறங்குகிற ஷாஃப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மேஸ்திரி. குடித்துவிட்டு வந்து எதிர்த்துப் பேசினாரென்று உன் புருஷனை ஷிஃப்டிலிருந்து நிறுத்தி வைத்திருந்தவரும் அவர்தான். வாங்குகிறவள் மனசை மாற்றினால்தான் பேர் மாறும் என்று தெரிந்து, உன்னிடம் வந்து பேசியிருக்கிறார்.

தண்ணிக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டேன். ஊரே கேட்கட்டுமென்றுதான் அங்கே கேட்டேன். நீ குடத்தை இறக்கி வைத்தாய். "ஆமாண்டி. எங்கம்மா பேரு வையி, அவன் ஷிஃப்டுக்கு வரட்டும்னாரு உன் ஊட்டுக்காரரு. நாலு புள்ளைங்க ராவும் பகலும் கஞ்சி கஞ்சின்னு முந்தானைய இஸ்துகினு கீதுங்க. நான் இன்னா பண்ணட்டும்? உனுக்குப் பேரு, எனுக்கு உல," என்றாய்.

உனக்குப் பேர், எனக்கு உலை. நியாயம்தான். அன்றைக்கும் நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது. அவர் தன் தாய்க்காகச் செய்தார், நீ உன் பிள்ளைகளுக்காகச் செய்தாய். ஆனால், என்னிடம் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே! தட்டியோரம் வந்து நான் கேட்டபோது, "இப்படி ஆயிடுச்சுடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தப் பேரை நானே உனக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். உன் பிள்ளைகள் பட்டினி கிடக்க எனக்குப் பேர் பெரிதா? என்னை அப்படிப்பட்டவளாக நினைத்துவிட்டாயே. பேரைப் பறித்ததைவிட, விட்டுக்கொடுக்கிற வாய்ப்பைப் பறித்துவிட்டாயே என்பதுதான் என்னை இன்னும் அரிக்கிறது. நான் உன்னை நம்பினேன், நீ என்னை நம்பவில்லை.

பிள்ளை தங்கினாள். நன்றாகவே வளர்ந்தாள். அவளை அவர் "அம்மா" என்றார். நான் "பாப்பா" என்றேன், "ஏ பொண்ணு" என்றேன், "இந்தாடி" என்றேன். மனசுக்குள் மட்டும் அஞ்சலை என்றேன். வாய்விட்டுச் சொன்னால் சாவு அடையாளம் கண்டுகொள்ளுமோ என்ற பயம். வாங்கியவள் வைத்த பேர் எனக்கு ஆகாது, எனக்கு ஆகிற பேர் பிள்ளைக்கு ஆகாது. பேர் சொல்லி வாய் நிறையக் கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். பொழுது சாய்ந்தால் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து, "முனீம்மா, உங்கம்மா தேடறா, ஊட்டுக்குப் போ" என்பாய். எனக்கு உபகாரம் செய்வதாக உன் நினைப்பு. என் பிள்ளை உன் குரலுக்கு வீடு வந்தாள்.

சுரங்கத்துக் கல் வண்டி ஓடுகிற தண்டவாளத்தில் அவள் கூழாங்கல் பொறுக்கப் போன நாள் ஞாபகமிருக்கிறதா? மேட்டிலிருந்து வண்டி இறங்கி வருகிறது. நான் "பாப்பா, பாப்பா" என்று கத்துகிறேன். லைனில் இருந்த பாப்பாக்களெல்லாம் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள், என் பிள்ளை மட்டும் குனிந்தே இருக்கிறாள். சொல்ல வேண்டிய பேர் எனக்குத் தெரியும். பிள்ளை சாகப்போகிறாள், அப்போதும் அது வெளியே வரவில்லை, அக்கா. பழக்கம் அப்படி வாயைக் கட்டிவிட்டது. நீ மாவுக் கையோடு ஓடிவந்து, "முனியம்மா!" என்று போட்ட சத்தத்தில் நிமிர்ந்தாள், ஓடி வந்தாள். என்னைத் தாண்டிக்கொண்டு போய் உன் காலைக் கட்டிக்கொண்டாள்.

பயத்திலும் ஆத்திரத்திலும் அவளை இழுத்துப்போட்டு அடித்தேன். "அடிக்காதடி, நான் வாங்கின புள்ள" என்று தடுத்தாய். உன் காலில் விழுந்து கும்பிட வேண்டும்போலவும் இருந்தது, உன் கழுத்தை நெரிக்க வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு நீ அவளைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்வதாக இல்லை. அந்தப் பேரை நீ வைக்காமலிருந்தால் நானே காப்பாற்றியிருப்பேன்.

இந்த மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. உன் தலைமாட்டில் உட்கார்ந்து கஞ்சி ஊற்றியது நான்தான். ஒரு வார்த்தை சொல்வாய் என்று உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் மகளைத்தான் கேட்டாய். அவள் வந்து உன் கையைப் பிடித்துக்கொண்டாள். என் பக்கம் நீ திரும்பவேயில்லை. தவிட்டைக் கொட்டிய அன்று திரும்பாத முகம், கடைசிவரை திரும்பவில்லை.

தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீப்ஸில். உன் காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. வாங்கியவளே போய்விட்டாள். விற்றதும் வாங்கியதும் அவளோடு தீர்ந்தது. பிள்ளையும் ஆளாகிவிட்டாள், இனிமேல் எந்தச் சாவு வந்து அடையாளம் பார்க்கப் போகிறது? அவள் என் வீட்டில் இருக்கப்போகிற கொஞ்ச நாளாவது நான் ஆசைப்பட்ட பேரைச் சொல்லிக் கூப்பிடலாமென்று தோன்றியது. அவர் ஷிஃப்டுக்குப் போயிருந்தார். அவள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள், உன்னை நினைத்துத்தான். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

நான் அவளுக்கு எதிரில் போய் நின்று, "அஞ்சல, வந்து சாப்டு" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக எழுந்தாள். எழுந்து, திரும்பி, தனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள்.

"யாரும்மா வந்துகீறாங்க?" என்றாள்.

யாருமில்லை என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டேன். அவள் சாப்பிட்டாள். பெற்ற பிள்ளையைக் கூப்பிட என்னிடம் ஒரு பேரும் மிச்சமில்லை, அக்கா.