கிஃபாயத்துல்லாவுக்காகப் போட்ட கையெழுத்து

கல்பாக்கம்,
9-8-1974

அன்புள்ள சைதூனுக்கு சலாம். நான் சுகம். பரங்கிப்பேட்டையில் நீயும் உம்மாவும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. என் அறையில் இருந்த கிஃபாயத்துல்லா தவணையில் ரேடியோ வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டேன். அவன் ரேடியோவோடு சொல்லாமல் போய்விட்டான். சம்பள நாளன்று கடைக்காரர் வாசலில் நின்றார்.

"அவன் பூட்டான். கையெழுத்து போட்ட நீ இங்கதானே கீற? டப்பு எடு."

பாதிச் சம்பளத்தைக் கொடுத்தேன்.

"மீதிக்குப் புதுசா கடன் எழுதிக்கினு பழச அடச்சுடு" என்றார். அவர் சொன்ன வட்டியைக் கேட்டதும் மறுத்துவிட்டேன். சைக்கிளை விற்றுக் கடனை முடித்து, பத்திரத்தை வாங்கிக் கிழித்தேன். இப்போது வேலைக்கு நடந்து போகிறேன், உடம்புக்கு நல்லதுதான்.

யார் கேட்டாலும் நீ எதிலும் கையெழுத்துப் போடாதே. சங்கிலியை அடகு வைக்காதே.

இந்தப் பக்கம் யாராவது வந்தால் பழைய போர்வை ஒன்று கொடுத்தனுப்பு. அறையில் நான் மட்டும்தான் இருக்கிறேன்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உன் பிரசவத்துக்கு வருவதாகச் சொன்னேன். பஸ்ஸுக்குக் காசில்லை, என்னை மன்னித்துவிடு. தந்திக்குச் செலவழிக்காமல் கார்டு போடு. ஆணா பெண்ணா என்று முதல் வரியிலேயே எழுது.

உன்,
சௌகத் அலி