அளவு ஜாக்கெட்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தையல் கடையில் கிடக்கும் என் அளவு ஜாக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிடு. இனி அது எனக்கு உதவாது. இடது மார்பில் இருப்பது புற்றுநோய்தான் என்று உறுதியாகிவிட்டது.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கட்டி முலைக்காம்பிலிருந்து தள்ளி இருக்கிறதாம். தோலையும் காம்பையும் விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்து, வயிற்றுச் சதையால் அப்போதே நிரப்பிவிடலாமாம். எனக்குக் காதிலேயே ஏறவில்லை. இதே நோய்க்கு மார்பை எடுத்துவிட்டு அம்மா வந்து நின்ற கோலம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. கத்தியே வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். திட்டாதே.

உன் வாலு

மார்ச் 9

அடி வாலு,

திட்டத்தான் போகிறேன். ஜாக்கெட்டை அனுப்ப மாட்டேன்.

ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். அம்மாவுக்குப் பஞ்சு வைத்து ஒரு ஜாக்கெட் தைத்தேனே, அதை உள்பக்கம் திருப்பிப் போட்டுத் தைத்ததில் இடது வலதாகிவிட்டது. எடுத்த பக்கம் தட்டை, இருந்த பக்கம் இரட்டை. எந்நேரமும் துண்டைப் போர்த்தியே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு மடித்து வைக்கும்போதுதான் பார்த்தேன். "நல்லாத்தான் இருக்குடி" என்றாளே, பாவி மனுஷி.

இப்போது கடைக் கண்ணாடி முன்னால் யார் போட்டுப் பார்த்தாலும், பின்னால் அம்மா போர்த்திக்கொண்டு நிற்கிறாள். நீயும் அங்கே வந்து நின்றுவிடாதே, எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவுக்கு யாரும் வேறு வழி சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறார்கள். நான் கேலி செய்த தொப்பை ஒரு வேலைக்காவது ஆகட்டும். போய்த் தேதி வாங்கு.

அக்கா

ஏப்ரல் 21

அன்புள்ள அக்காவுக்கு,

முடிந்தது. கட்டுப் பிரித்துவிட்டார்கள். பார்த்தால் நான்தான். தொட்டால் யாரையோ தொடுவது போல மரத்துக் கிடக்கிறது. சிரித்தால் வயிற்றுத் தையல் இழுக்கிறது, நீ வந்து வாயைத் திறக்காதே.

கண்ணாடியில் என் பின்னாலும் அம்மா நின்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். பஞ்சு இடம் மாறியது அவளுக்கு முதல் நாளே தெரியும். எனக்கும் தெரியும். பிரித்துத் தைக்கச் சொல்லலாம் என்றேன். "அழுதுக்கிட்டே தச்சாடி அவ. தப்புன்னு சொன்னா தாங்கமாட்டா" என்றாள். நீ கடைக்குக் கிளம்பியதும் கழற்றிவிடுவாள். சாயங்காலம் வாசலில் உன் செருப்புச் சத்தம் கேட்டால், "அவ வந்துட்டா, அந்த ஜாக்கெட்டை எடு" என்பாள். கடைசி நாள் வரைக்கும் நான்தான் கொக்கி மாட்டிவிட்டேன்.

என் அளவு ஜாக்கெட் அங்கேயே இருக்கட்டும்.

வாலு